சப்பாத்தோடை இருந்தவை

1. மேசைக்குக் கீழை

அண்டைக்கு மத்தியானம் பாண் கூடையோடை சாப்பாட்டு அறைக்குள்ளை போனா, நிலம் முழுக்கச் சேறு. யன்னலடியிலை இருந்து அடுப்படி வாசல் மட்டும் ஈர அடையாளம். ஆர் பெத்த பிள்ளை இந்தக் கூத்தடிச்சது எண்டு வாய்க்குள்ளை புறுபுறுத்துக்கொண்டு குனிஞ்சு பாத்தன். மேசைக்குக் கீழை எல்லாற்றை காலிலும் வெளிச் சப்பாத்து, நாடா இறுக்கிக் கட்டினபடி. மேலை பாத்தா, எங்கடை நோயாளிகள் வலு சமாதானமா இருந்து மண்ணிறச் சீஸ் சீவிப் பாணிலை வைச்சுக்கொண்டிருக்கினம்.

"என்ன இது?" எண்டு கேட்டன்.

"சாப்பிடுறம்" எண்டார் ஆர்னே. மேசைத் தலைப்பிலை இருந்தவர் அவர்தான். கப்பல் எஞ்சினோடை ஆயுள் முழுக்க மாரடிச்ச கிழவர்.

"சப்பாத்து?"

"போட்டிருக்கிறம்."

வெளியிலை இருக்கிறவைக்கு இதிலை என்ன கிடக்கு எண்டு தோணும். நோர்வேயிலை சப்பாத்தோடை வீட்டுக்குள்ளை போறது பெரிய மரியாதைக் கேடு. இந்த ஒரு விஷயத்திலை அவையும் நாங்களும் ஒரு வயித்துப் பிள்ளையள். எங்கடை வார்ட்டிலை அதுக்கு மேலை ஒரு விதியும் இருந்தது. அது பூட்டின மனநோய் வார்ட். காலமை எல்லாரையும் நடக்கக் கூட்டிக்கொண்டு போவம். திரும்பி வந்த உடனை சப்பாத்தெல்லாம் வாசலடி அலுமாரிக்குள்ளை போகும், அலுமாரி பூட்டுப்படும். உள்ளுக்கை எல்லாருக்கும் சாம்பல் நிறத் துணிச் செருப்பு. செருப்பிலை வார்ட் இலக்கம் கறுப்பு மையிலை அடிச்சிருக்கும். ஆரும் குழப்பத்திலை பனிக்குள்ளை இறங்கி ஓடிவிடக் கூடாது எண்டதுதான் காரணம். நியாயமான காரணம். அந்த அலுமாரியை நானே எத்தினையோ வரியம் பூட்டியிருக்கிறன். அண்டைக்கு நடந்திட்டு வந்தவை கழட்டாமலே நேரை மேசைக்கு வந்திட்டினம்.

நான் ஒஸ்லோவின்ரை கிழக்குப் பக்கத்திலை மனநோய் வார்ட்டுகளிலை தாதியா வேலை செய்து பென்ஷன் எடுத்தனான். இப்ப எங்கடை பிள்ளையள் கனபேர் இந்த வேலைக்குப் படிக்கினம். அவைக்காகத்தான் இதை எழுதுறன். இது ரெண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, சமாதானம் எண்டு ஊரிலை கொஞ்சக் காலம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் நடந்தது. ஆஸ்பத்திரி எது எண்டு கேக்காதேங்கோ. பேருகளையும் மாத்தியிருக்கிறன். சம்பந்தப்பட்ட குடும்பத்திட்டை கேட்டு, ஓம் எண்டு சொன்ன பிறகுதான் பேனையைத் தொட்டனான்.

2. பெரித்தின்ரை வாசிப்பு வட்டம்

இந்தச் சப்பாத்துக் கூத்துக்கு மூலகாரணி எங்கடை வார்ட் பொறுப்பாளர் பெரித் எண்டவதான். நல்ல மனுசி, பொல்லாத நல்ல மனுசி. நோயாளிகள் நாள் முழுக்க ரீவிக்கு முன்னாலை குந்திக்கொண்டு இருக்கப்படாது எண்டு புதன்கிழமையிலை வாசிப்பு வட்டம் தொடங்கினவ. முதல் சுகமான கதையள்தான் கொண்டு வந்தவ. மலை, ஆடு, காதல். ஆர்னேதான் ஒருநாள் புத்தகத்தை மூடி வைச்சிட்டு, "எங்களைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லையோ?" எண்டு கேட்டது.

பெரித் தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்தா, மெல்லிய ஒரு நாவல். வடக்கிலை ஒரு தீவு, அங்கை ஒரு மனநோய் விடுதி. வாற ஆக்களின்ரை சப்பாத்தை வாங்கி அறை ஒண்டுக்குள்ளை பூட்டுகினம். மீன்பிடிக்காரன்ரை விதவை ஒருத்தி திறப்பை எடுத்து எல்லாற்றை சப்பாத்தையும் குடுத்திடுறா. ஒருத்தரும் ஓடேல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மேசையிலை இருக்கினம், அவ்வளவுதான். அதுக்கே விடுதி கிடுகிடுத்துப் போகுது. கடைசிப் பக்கத்திலை அந்த விதவை தன்ரை சப்பாத்தைத் தானே கழட்டி, அறைக்குள்ளை வைக்காமல், வெளிவாசல்ப் படியிலை வைச்சிட்டு உள்ளுக்குப் போறா.

பெரித் வெண்பலகையிலை 'சப்பாத்து' எண்டு பெரிசா எழுதி, "இது எதைக் குறிக்குது?" எண்டு கேட்டா. விடுதலை எண்டார் ஆர்னே. மற்றவையும் ஆளுக்கொண்டு சொல்லிச்சினம். கிளர்ச்சி, உடம்பு, போற வழி. எல்லாத்தையும் சந்தோசமா எழுதினா. ஆனா கடைசிப் பக்கம் தோல்வி எண்டா. விதவை அடங்கிப் போட்டாவாம்.

அப்பத்தான் மூலையிலை இருந்த தவம் வாய் திறந்தவர்.

"அது தோல்வி இல்லை. வாசல்லை சப்பாத்துக் கிடந்தா ஆள் வீட்டிலை எண்டு அர்த்தம். சப்பாத்து இல்லாட்டி ஆள் இல்லை. என்ரை வீட்டு வாசல்லை என்ரை சப்பாத்து இல்லை. அது இஞ்சை அலுமாரிக்குள்ளை கிடக்குது."

பெரித் அதைப் பலகையிலை எழுதேல்லை. பேனை மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிண்டா.

3. கனடாவிலை இருந்த ஆள்

தவம் எங்கடை ஆள், யாழ்ப்பாணம். வெஸ்ட்லியிலை வீடு. பஸ் ஓடினவர். ஒருநாள் நிறையச் சனத்தோடை பஸ்ஸைத் தரிப்பிலை ஒழுங்கா நிப்பாட்டி, கை பிரேக்கைப் போட்டு, கதவையும் திறந்து விட்டிட்டு, இறங்கி நடந்து காட்டுக்குள்ளை போய் இருந்திட்டார். தேடிக் கண்டுபிடிச்சு எங்களட்டைக் கொண்டு வந்தவை. காதுக்குள்ளை ஆக்கள் கதைக்கினம் எண்டவர். மருந்தோடை மெல்ல மெல்லத் தெளிஞ்சுகொண்டு வந்தார்.

தவத்தின்ரை மனிசி மலர் சனத்துக்குச் சொன்ன கதை வேறை. அவர் கனடாவிலை, தமையன்ரை கடையிலை வேலை. இதைக் கேட்டு மலரைத் திட்டிப் போடாதேங்கோ. விடிய எழும்பி ரெண்டு இடத்திலை துப்பரவு வேலை செய்து, ஒற்றை ஆளா வீட்டை இழுத்தவ. விசரன்ரை மகள் எண்டு தன்ரை பிள்ளையை ஒரு வாயும் சொல்லக் கூடாது எண்ட பயம் அவவுக்கு. எங்கடை சனத்தின்ரை வாய் எனக்குத் தெரியாததே!

பிள்ளை அபி. பதின்மூண்டு வயது, இஞ்சையே பிறந்தவள். அவளுக்கும் கனடா எண்டுதான் சொல்லியிருந்தது. தவம் ஞாயிற்றுக்கிழமையிலை வார்ட்டுப் போனிலை இருந்து எடுத்து, "அப்பாக்கு இஞ்சை வேலை கூட, பிள்ளை" எண்டு சொல்லுவார். வைச்ச பிறகு சுவரைப் பாத்தபடி கனநேரம் நிப்பார்.

அந்தப் பிள்ளைக்குச் சாமத்திய வீடு, அதுதான் பூப்புனித நீராட்டு விழா, வைச்சினம், ஸ்ட்ரோம்மன் பக்கத்திலை ஒரு மண்டபத்திலை. தேப்பன் இல்லாமல் வைச்சா சனம் கேக்கும். அதாலை அவர் கனடாவிலை இருந்து ரெண்டு நாளுக்குப் பறந்து வாற மாதிரி வந்து நிக்கட்டும் எண்டு மலர் முடிவெடுத்தா. டொக்டர் ஒரு நாள் பெர்மிஷுன், அதுதான் வெளியிலை போற அனுமதி, குடுத்தார். கூட ஒரு வார்ட் ஆள் போகவேணும். போறது நான்.

விழா சனிக்கிழமை. அதுக்கு முன்னுக்கு வந்த வியாழன்தான் சப்பாத்தோடை சாப்பிட்ட நாள்.

4. கழட்டினது ஆர்

பெரித் வந்து பாத்தா. முகம் வெளிறிப் போச்சுது. என்னை அறைக்குள்ளை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினா.

"ராணி, எல்லாருமாச் சேர்ந்து ஓடப் பாக்கினமோ?"

"ஓடுறவை சீஸ் சீவிக்கொண்டு இருப்பினமோ? புத்தகத்திலை இருந்ததைத்தானே செய்யினம்."

"புத்தகத்திலை அது குறியீடு. இஞ்சை அது பாதுகாப்பு."

"விடுதலை எண்டு நேற்றுப் பலகையிலை எழுதினது நீங்கள். இன்னும் அழிக்கவும் இல்லை."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது அவவுக்கும் தெரியும். கோவிக்கேல்லை, கதிரையிலை இருந்து நெத்தியைத் தேய்ச்சா. அவவுக்கும் மேலை ஆக்கள் இருந்தவை. ஒருத்தர் அந்தச் சப்பாத்தோடை கதவாலை நழுவிப் போய் ஏதும் நடந்தா, பதில் சொல்ல வேண்டியது அவதான். வெளியிலை வந்து சொன்னா: பின்னேரத்துக்குள்ளை கழட்டாத ஆக்களுக்கு இந்தக் கிழமை பெர்மிஷுன் இல்லை.

மற்றவைக்கு இழக்கிறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லை. கடைக்குப் போறது, தங்கச்சி வீட்டிலை கோப்பி குடிக்கிறது. தவத்துக்குத்தான் சனிக்கிழமை இருந்தது. நான் பக்கத்திலை போய் இருந்து தமிழிலை கதைச்சன்.

"தம்பி, கழட்டுங்கோ. பிள்ளையின்ரை சாமத்திய வீடெல்லோ."

"கழட்டினா?"

"கழட்டினாப் போகலாம்."

"எங்கை போறது, அக்கா? நான் கனடாவிலை எல்லோ இருக்கிறன்."

அவர் குரலை உயர்த்தேல்லை.

"இஞ்சை சொல்வழி கேட்டு நடந்தாத்தான் வெளியிலை விடுவினம். அங்கை பொய் சொன்னாத்தான் மண்டபத்துக்குள்ளை விடுவினம். எல்லா வாசல்லையும் என்னட்டை ஏதோ ஒண்டைக் கழட்டச் சொல்லினம். இண்டைக்கு ஒருநாள் நான் இப்பிடியே இருந்திட்டுப் போறன்."

அழுகை வந்திட்டுது எனக்கு. வேலையிலை அழக் கூடாது எண்டு படிப்பிச்சவைதான். வந்தா என்ன செய்யிறது?

ஆர்னே எங்களையே பாத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லுறார் எண்டு என்னட்டைக் கேட்டார். அதை நான் சொல்லேலாது, அவர்தான் சொல்லவேணும் எண்டன். தவமே சொன்னார். "சனிக்கிழமை என்ரை மகளின்ரை விழா."

கிழவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு தன்ரை சப்பாத்தைக் கழட்டினார். கழட்டிப் போட்டு, "அந்த நாவல்லை ஒருத்தருக்கும் மகள் இல்லை. எழுதின ஆள் அதை மறந்திட்டார்" எண்டார். முதுகு நோவிலை ஒரு கரண்டி விழுந்தாலும் எடுக்காத மனுசன், முழங்கால் போட்டுக் குனிஞ்சு, தவத்தின்ரை சப்பாத்து நாடாவை ஒவ்வொண்டா அவிட்டார். தவம் தடுக்கேல்லை. சாம்பல்ச் செருப்பையும் கிழவரே அவற்றை காலிலை மாட்டி விட்டிட்டு, என்ரை தோளைப் பிடிச்சுத்தான் எழும்பினார். பிறகு எல்லாரும் கழட்டிச்சினம். பெரித் வாசல்லை நிண்டு பாத்தவ. சேத்தை அவவே துடைச்சா.

5. மண்டபம்

வெள்ளிக்கிழமை மலர் போன் எடுத்தா. "அக்கா, குறை நினைக்காதேங்கோ. ஆரும் கேட்டா நீங்களும் கனடாவிலை இருந்து வந்த சொந்தம் எண்டு சொல்லுங்கோ."

இந்த இடத்தைப் படிக்கிற பிள்ளையள் வடிவாக் கவனியுங்கோ. எங்களுக்குத் தௌஸ்ஹெட்ஸ்ப்ளிக்ட் இருக்கு. நோயாளியைப் பற்றி வெளியிலை மூச்சு விடேலாது. அதுக்காகப் பொய் சொல்லலாம் எண்டும் இல்லை. "பிள்ளை, நான் பொய்யும் சொல்ல மாட்டன், மெய்யும் சொல்ல மாட்டன். வாயை மூடிக்கொண்டு வடை சாப்பிடுவன்" எண்டு சொன்னன். அவ சிரிக்கேல்லை.

சனிக்கிழமை அலுமாரியைத் திறந்து தவத்தின்ரை சப்பாத்தை எடுத்துக் குடுத்தன். கோட்டு சூட்டோடை ஆள் மாப்பிள்ளை மாதிரி நிண்டார். கையிலை ஒரு பை. பிள்ளைக்குப் பரிசு எண்டு நினைச்சன். மண்டபத்திலை சனம் நிறைஞ்சிருந்தது. வயசான ஒரு அம்மா தவத்தின்ரை கையைப் பிடிச்சு, "தம்பி, உங்கை கனடாவிலை ஸ்னோ கொட்டத் தொடங்கீட்டுதோ?" எண்டு கேட்டா. அவர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். மைக்கிலை ஒருத்தர் செந்தமிழிலை முழங்கினார்: "தம் செல்வ மகளின் விழாவுக்காகக் கனடாவிலிருந்து பறந்து வந்திருக்கும் அன்புத் தந்தையார் இப்போது மேடைக்கு வருவார்!"

தவம் அந்த நேரம் உடுப்பு மாட்டுற மூலைக்குப் போய் வந்தார். மேடைப்படியிலை ஏறேக்கைதான் கண்டன். காலிலை சாம்பல்ச் செருப்பு. பைக்குள்ளை கொண்டு வந்தது அதைத்தான்.

மேடையிலை எல்லாரும் வெறுங்கால். நிறைகுடம், குத்துவிளக்கு, நடுவிலை சீலையோடையும் நகையோடையும் அபி. மலரின்ரை தமையன் ஓடி வந்தார். "மச்சான், செருப்பு! செருப்பைக் கழட்டுங்கோ!" குசுகுசுத்துத்தான் சொன்னவர், ஆனா பக்கத்திலை மைக். மண்டபம் முழுக்கக் கேட்டுது. எல்லாற்றை கண்ணும் அந்தக் காலுக்குப் போச்சுது.

இனிப் பொய் நிக்குமோ? எங்கடை சனத்திலை பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலையும் வயோதிபர் இல்லத்திலையும் வேலை செய்யிற ஆக்கள். அந்தச் செருப்பைத் தோய்க்கிற ஆக்கள், அடுக்குற ஆக்கள், அது கிடந்த நிலத்தைத் துடைக்கிற ஆக்கள். இலக்கத்தைக் கண்டா எந்த வார்ட் எண்டும் சொல்லுவினம். முன்வரிசையிலை ரெண்டு பொம்பிளையள் ஒருத்தியை ஒருத்தி பாத்ததை நான் கண்டன்.

அபி தேப்பன்ரை காலிலை விழுந்து கும்பிடக் குனிஞ்சாள். குனிஞ்சவள் எழும்பேல்லை. செருப்பிலை இருந்த இலக்கத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாள். விரலாலை ஒருக்கால் தொட்டும் பாத்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்பா, எனக்குத் தெரியும். நீங்கள் போன் எடுக்கேக்கை எல்லாம் பின்னாலை நொஸ்க் செய்தி கேக்கிறது. கனடாவிலை ஆர் நோர்வே மொழியிலை செய்தி வாசிக்கினம்?" எண்டாள்.

தவம் அவளின்ரை தலையிலை கை வைச்சார். "ஓம், பிள்ளை. நான் ஆஸ்பத்திரியிலை இருந்து வாறன்."

அதுவும் மைக்கிலை போச்சுது. அபி அந்தச் செருப்பைத் தன்ரை கையாலை கழட்டி, குத்துவிளக்கடியிலை இருந்து தள்ளி, மேடைப்படியிலை கிடந்த தன்ரை செருப்புக்குப் பக்கத்திலை கொண்டுபோய் வைச்சாள். திரும்பி வந்து தேப்பன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போட்டோவுக்கு நிண்டாள். மலர் சீலைத் தலைப்பாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. தமையன் எல்லாருக்கும் முன்னாலை தவத்தைப் பாத்து, "மானத்தை வாங்கிப் போட்டாய்" எண்டார்.

காரிலை திரும்பி வரேக்கை தவத்திட்டைக் கேட்டன், "ஏன் தம்பி இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நாவல்லை அவை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு 'நாங்கள் இந்த இடத்து ஆக்கள் இல்லை' எண்டு சொல்லிச்சினம். நான் எந்த இடத்து ஆள் எண்டு என்ரை பிள்ளைக்குத் தெரியவேணும், அக்கா. காலிலை விழுகிற பிள்ளைக்குப் பொய்க் காலைக் காட்டேலாது."

6. கதவடியிலை

திங்கட்கிழமை ராப்போர்ட்டிலை, அதுதான் வேலை மாறேக்கை ஆளுக்கு ஆள் சொல்லிக் குடுக்கிற கூட்டத்திலை, ஒருத்தர் கேட்டார், விழாவுக்கு வார்ட்டுச் செருப்போடை போனது வருத்தம் கூடினதின்ரை அறிகுறியோ எண்டு. காரிலை தவம் சொன்னதை அப்பிடியே சொன்னன். பெரித், "அறிகுறி எண்டு எழுத வேண்டாம்" எண்டா.

ஆனா வெஸ்ட்லியிலை இருந்து போன் வாறது நிண்டு போச்சுது. ஞாயிற்றுக்கிழமையிலை தவம் எடுத்தாலும் மணி அடிச்சு ஓயும். சாப்பாடு குறைஞ்சுது. பாவம், உண்மையைச் சொல்லிப்போட்டு வீட்டையும் இழந்திட்டானோ எண்டு எனக்கு நித்திரை வராது. பகல் பெர்மிஷுன் தரலாம் எண்டு டொக்டர் சொன்னவர். கூட்டிக்கொண்டு போக ஆள் வேணுமே.

நல்லாப் பனி கொட்டின ஒரு சனிக்கிழமை காலமை மணி அடிச்சுது. திறந்தா, அபி. தொப்பியிலும் தோளிலும் பனி. முழங்கால் வரைக்கும் சப்பாத்து.

"வா பிள்ளை. சப்பாத்தைக் கழட்டிப் போட்டு உள்ளுக்கை வா" எண்டன், பழக்கத்திலை.

"ஏன் அன்ரி கழட்டவேணும்? நான் இருக்க வரேல்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"தனியவோ?"

"அம்மா கீழை காருக்குள்ளை. அவ மேலை வர மாட்டா." கொஞ்சம் நிப்பாட்டிச் சொன்னாள், "ஆனா வந்திருக்கிறா."

பின்னாலை நிண்ட பெரித் என்ன எண்டு கேட்டா, மொழிபெயர்த்தன். அவ என்ரை கையிலை இருந்த திறப்பை வாங்கி, அலுமாரியைத் திறந்து, தவத்தின்ரை சப்பாத்தைத் தேடி எடுத்துக் கதவடியிலை வைச்சா. இருக்கிற அறையிலை இருந்து ஆர்னே, "ஆர் அது?" எண்டு கத்தினார். "மகள்!" எண்டு தவம் நோர்வே மொழியிலை திருப்பிக் கத்தினார். அவ்வளவு பெரிய குரல் அந்த மனுசனுக்குள்ளை இருந்தது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

பிள்ளையளுக்கு நான் சொல்லுறது இதுதான். வார்ட்டிலை ஒரு ஆள் விளங்காத ஒரு காரியம் செய்தா, உடனை அறிகுறி எண்டும் எழுதாதேங்கோ, புத்தகத்திலை படிச்ச விடுதலை எண்டும் கொண்டாடாதேங்கோ. ரெண்டும் எங்கடை சோம்பல். பக்கத்திலை போய் இருந்து, இது உங்களுக்கு என்ன எண்டு கேளுங்கோ. ஒரே சப்பாத்துத்தான், ஆர்னேக்கு அது ஒண்டு, பெரித்துக்கு இன்னொண்டு, தவத்துக்கு வேறை ஒண்டு. விதி வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, அதுக்குப் பிறகும் அந்த அலுமாரியை நான் பூட்டினனான். பூட்டேக்கை, உள்ளுக்கை கிடக்கிறது ஆற்றையோ வீட்டு வாசல்லை கிடக்க வேண்டிய சப்பாத்து எண்ட நினைப்போடை பூட்டினனான்.

அண்டைக்குப் பின்னேரம் வார்ட்டுப் போன் அடிச்சுது, நான்தான் எடுத்தன்.

"அக்கா, நான் தவம். சப்பாத்தை வாசல்லை வைச்சிட்டன். மலர் கண்டவ, எடுத்து உள்ளுக்கை ஒளிச்சு வைக்கேல்லை."

அவருக்குப் பின்னாலை, வெஸ்ட்லி வீட்டு ரீவியிலை, நொஸ்க் செய்தி கேட்டுக்கொண்டிருந்தது.